காந்தாரி எண்ணெய் ஊற்றிய விளக்கு

அத்தான்,

இன்று காலை உங்கள் அடுக்களையில் எண்ணெய் வெடித்து என் கையில் தெறித்தது. கறிவேப்பிலையைக் கழுவிய ஈரத்தோடு சட்டியில் போட்டுவிட்டேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "பி.ஏ. படிச்ச கை ஆக்கும்" என்றாள். உங்களை அடக்கம் செய்து நாற்பது நாளாகிறது. அதன்பிறகு அவள் கேலி பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "எது வச்சாலும் தொண்டையில எறங்கல்ல மக்கா" என்கிறாள். நீங்கள் கடைசியாகக் காய்ச்சிய காந்தாரி எண்ணெய்க் குப்பி தீர்ந்த நாளிலிருந்து மரச்சீனிக் கிழங்கைத் தொடவே இல்லை. அதனால்தான் சமையலே தெரியாத நான் அடுப்பின் முன் நின்றேன்.

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வாரம் முழுக்க நகல் எழுதிவிட்டு, சனிக்கிழமை மாலை நீங்கள் வீட்டை ஒட்டிய விளையில் இறங்குவீர்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை இலை, காந்தாரி மிளகாய். பறித்ததைத் துடைத்து, நிழலில் பழைய வேட்டிமேல் பரப்பி வைப்பீர்கள். மறுநாள் ஆராதனை முடிந்து வரும்போது இலைகள் வாடியிருக்கும். கோயிலுக்குப் போட்ட சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தேங்காயெண்ணெயைச் சிறு தீயில் வைப்பீர்கள். நசுக்கிய பூண்டும் காந்தாரியும் முதலில், இலை பின்னால். கிளறும்போது இலை சலசலக்க வேண்டும். அதில் ஒன்றை எடுத்துத் தீயில் காட்டி, ஈரம் போய்ப் பொரியாமல் எரிந்தால்தான் இறக்குவீர்கள். வெந்த கிழங்கில் குழி செய்து அதில் ஒரு கரண்டி ஊற்றித் தருவீர்கள். அந்தக் கடைசி வேலை எனக்குத் தெரியும். மற்றதையெல்லாம் பார்த்திருக்கிறேனே தவிர, எது எதற்கென்று கவனித்ததில்லை.

எண்ணெயைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். சபையில் மூப்பராக இருந்துகொண்டு நீங்களும் அதை நம்பினீர்கள். என் பங்குக் குப்பியை நம் இரண்டு வீட்டு விளைகளுக்கும் நடுவிலிருந்த கையாலை மண்சுவர்மேல் வைத்துவிட்டு, "எலே, எடுத்துக்க" என்று குரல் கொடுப்பீர்கள்.

அப்படியும் சண்டை வந்தது. நம் தாலுகா தமிழ் ராஜ்ஜியத்தோடு சேர வேண்டும் என்று நான் மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருந்த காலம். மொழிக் கணக்கெடுக்க வந்தவரிடம் நீங்கள், வீட்டில் பேசுவது தமிழும் மலையாளமும் என்று எழுதிக் கொடுத்தீர்கள். அந்த வாரமே என்னைப் பள்ளிக்கூட வேலையிலிருந்து நீக்கினார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று இன்று தெரிகிறது. அன்று, என் வயிற்றில் அடித்தவன் கைக்கு எட்டவில்லை. பக்கத்தில் இருந்த உங்களைப் பிடித்துக்கொண்டேன். உங்களோடு பேச்சை நிறுத்தினேன். கையாலைமேல் குப்பி மட்டும் ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தது. நான் அதை எடுத்து வந்து, திறக்காமல் அடுக்கி வைத்தேன்.

கடையடைப்பு நடந்த ஒரு வாரம் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. அந்தி ஜெபத்துக்கு விளக்கேற்ற வேண்டும். உங்கள் எண்ணெய் எரிந்துதான் போகட்டுமே என்று ஒரு குப்பியைக் கவிழ்த்து அகல் நிறைய ஊற்றினேன், அடியில் கிடந்த காந்தாரி மண்டியோடு சேர்த்து. முதல் பாட்டின் இரண்டாவது அடியில் என் அம்மா இருமத் தொடங்கினார். பிறகு நான். பாட்டு நின்றது, வீடே இருமியது. நீங்கள் கையாலை தாண்டி ஓடி வந்தீர்கள். விளக்கை ஊதி அணைத்துவிட்டு சன்னல்களைத் திறந்தீர்கள். கண்ணும் மூக்கும் ஒழுக என்னைப் பார்த்தீர்கள்.

"எலே, அது திங்கியதுக்குள்ளது. பேய் ஓட்டவா காச்சித் தந்தேன்?"

அம்மா இருமலுக்கு நடுவே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "எதுக்கு அத்தான் அப்படி எழுதிக் குடுத்திய?" என்று கேட்டேன். மாதக்கணக்கில் உள்ளே கிடந்த கேள்வி.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "எங்க அம்ம என்னைத் தாலாட்டினது மலையாளத்துல ஆக்கும். கோர்ட்டுல நாள் முழுக்க ஊராரோட பொய்ச் சத்தியத்தை நகல் எழுதுகேன். என் வீட்டைப் பத்தி ஒரு வரியாவது நேரா இருக்கட்டும்னு நெனச்சேன். நீ தமிழுக்குப் போராடு மக்கா, உனக்குச் சோறு நான் தாறேன்."

அன்று உங்களோடு கிழங்கு தின்றேன்.

பிறகு எல்லைக் கோடு விழுந்தது. நம் ஊர் கேரளத்தில் நின்றது. கோட்டுக்கு அப்பால் விளவங்கோட்டில் எனக்கு வேலை கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு குடிபெயர்ந்தேன். இனி அந்த ராஜ்ஜியத்தில் கால் வைக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்; சொன்னதால் வராமலிருந்தேன். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை. மீன்காரியிடம் குப்பி கொடுத்து அனுப்பினீர்கள். ஒரு சொட்டு விடாமல் தின்றேன். வெறுங்குப்பியைக் கழுவித் திருப்பி அனுப்பினேன். ஒரு வரி கடிதம் வைத்ததில்லை.

நீங்கள் படுக்கையில் விழுந்ததும் அந்த மீன்காரியிடமே சொல்லி அனுப்பினீர்கள்: "வசதிப்பட்டா வரச் சொல்லு." நான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றிருந்தேன். கோட்டைத் தாண்டி நான் முதலில் வந்தது உங்கள் சவப்பெட்டியைத் தூக்க. "உடனே வா" என்று சொல்லியிருக்கக் கூடாதா அத்தான்? என் வீம்பு தெரிந்த மனிதர், அதற்கும் மரியாதை கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மதியத்துக்குள் இன்னொரு சட்டி காய்ச்சினேன். இந்த முறை இலையைத் துடைத்து, வாடும்வரை காத்திருந்தேன். கிழங்கை வேகவைத்து, குழி செய்து ஊற்றி, அக்கா முன்னால் வைத்தேன். ஒரு வாய் தின்றாள்.

"அவிய காச்சினது மாதிரி இல்ல."

"இல்லதான்."

"பூடு கரிஞ்சு போச்சு." இன்னொரு வாய் எடுத்தாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

தட்டைக் காலி செய்தாள். கை கழுவிவிட்டு வந்து, "அவியமேல இப்பமும் கோவம் உண்டா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் ஒரு வரியாவது நேராக இருக்கட்டும் என்று, "உண்டு" என்றேன்.

"இருக்கட்டும்," என்றாள். "கோவப்படவாவது வந்துட்டுப் போ."

கோடு போட்டவர்கள்மேல், என்னை வேலையிலிருந்து நீக்கியவர்கள்மேல் எனக்குள்ள பகையெல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் அவர்கள் யாரும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. கோபத்தோடு போய் உட்கார எனக்கு மிச்சமிருப்பது உங்கள் வீடு ஒன்றுதான், அத்தான். வரும் சனிக்கிழமை மறுபடியும் அங்கே போகிறேன்.