நித்யா போட்ட ஊசி

அக்டோபர் 14, செவ்வாய்

என் மகன் மகேஷ் கல்யாணம் செய்துகொள்ளத் துடிக்கும் நித்யாவை, அவள் வேலை செய்யும் மருந்துக் கடையிலேயே போய்ப் பார்த்தேன். ஃப்ளூ ஊசி என்பது ஒரு சாக்கு. விவாகரத்தானவள், பிள்ளை இல்லாதவள், டாக்டர்கூட இல்லை, வெறும் பார்மசிஸ்ட். என் ஒரே மகனை விட்டு அவளாகவே விலக வேண்டும் என்றுதான் போனேன்.

எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் குழந்தைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் இப்போது குழந்தைகளுக்கும் மருந்துக் கடையிலேயே போடலாமாம்.

"டாக்டர் யாரும் இல்லையா?"

"நான்தான் போடுவேன் ஆன்ட்டி. ஸ்லீவைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க."

கான்வென்ட்டில் பழகியபடி, குரலை உயர்த்தாமல் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "உனக்குன்னு ஒண்ணு பொறக்கலை. அதான் ஊரார் குழந்தையைக் குத்திப் பாக்கறியா?"

தமிழ் தெரியாத அந்தக் குழந்தையின் அம்மா, நான் ஏதோ பாராட்டுகிறேன் என்று நினைத்துத் தானும் சிரித்தாள். நித்யாவின் கண்கள் நிறைந்தன. ஆனாலும் என் கையில் ஊசி இறங்கியதே தெரியவில்லை.

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க ஆன்ட்டி" என்றாள்.

சாப்பாட்டின்போது மகேஷ் சொன்னான்: "கை வலிச்சா மாத்திரை போட்டுக்கச் சொன்னாம்மா நித்யா. போன்ல அழுத குரலா இருந்தது, ஏன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கறா. நீ எதாவது சொன்னியா?"

"நான் என்னடா சொல்லப்போறேன்?"

நம்பிவிட்டான். "நீயே போய்ப் பார்த்தியே, தேங்க்ஸ்மா" என்றான்.

இனி என் மகன் என் முகத்தில் விழிப்பதும் விழிக்காததும் அவள் வாயில் இருக்கிறது. என்றைக்குச் சொல்வாளோ என்று காத்திருப்பதற்கு, இன்றைக்கே அவள் சொல்லித் தொலைத்திருக்கலாம்.