பேய்ப் பாட்டுக்குப் பொருள்

மார்ச் 3, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒரு லென்ஸ்கூட உடையவில்லை. நல்ல நாள்தான்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம். மனைவியின் வீட்டிலேயே குடித்தனம். ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு மாலை ஷிஃப்ட் என்றால் வீட்டில் நானும் அவள் மகளும் மட்டும். மகளுக்குப் பதினாறு வயது. அப்பாவை இழந்து நான்கு வருடம். என்னிடம் மரியாதைக்குக் குறைவில்லை — விருந்தாளிக்குக் கிடைக்கிற மரியாதை.

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு பழைய கவிதைக்கு விளக்கம் சொல்ல வேண்டுமாம். இறந்தவர்கள் தாங்கள் வாழ்ந்த வீட்டுக்குள் நடமாடும் பாட்டு. குரலை நடுங்க வைத்துப் படித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. இது பேய்ப் பாட்டு."

மார்ச் 5

மறுபடி படித்தோம். அந்தப் பேய் யாரையும் மிரட்டவில்லை. விளக்கைத் தூண்டுகிறது, கதவைச் சாத்துகிறது, போய்விடுகிறது.

"அப்புறம் எதுக்கு வருது?" என்றேன்.

"அதான் எனக்கும் புரியல."

மார்ச் 6

பிழிந்தெடுத்த வேலை. தூக்கத்தில் கண் சொக்குகிறது.

மார்ச் 8, ஞாயிறு

சமையலறை அலமாரிப் பலகை தினமும் என் தலையைப் பதம் பார்க்கிறது. ஒரு சாண் ஏற்றி அடிக்கலாம் என்று கழற்றினேன். அவள் வந்து பார்த்தாள்.

"யாரைக் கேட்டுக் கழட்டுனீங்க?"

அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். மனைவி மெல்லச் சொன்னாள்: "அது இவ அப்பா போட்டது. இவதான் பக்கத்துல நின்னு திருகாணி எடுத்துக் குடுத்தா. குட்டிப் பொண்ணு அப்போ."

எனக்கென்ன தெரியும்? யாராவது சொன்னாத்தானே தெரியும்! வீங்குறது என் தலைதானே... சே. என்ன மனுஷன் நான். முதலில் கேட்டிருக்கலாம்.

மார்ச் 9

பலகையைப் பழைய இடத்திலேயே மாட்டினேன். ஒரு துளையில் திருகாணி பிடிக்கவில்லை. தீக்குச்சியை ஒடித்துச் செருகப் போனால், உள்ளே ஏற்கெனவே தீக்குச்சித் துண்டுகள்! அவரும் இதே திருட்டு வேலைதான் செய்திருக்கிறார். தனியாக நின்று சிரித்தேன். இத்தனை நாள் அவர் எனக்குச் சுவரில் ஒரு படம். இன்றுதான் ஓர் ஆள்.

பின்னால் அவள் நின்றிருந்தாள். தீக்குச்சியைக் காட்டினேன். அவளுக்கும் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"அப்பா இன்னும் இங்கதான் இருக்கார்னு சொன்னா, உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

"இல்லம்மா. அவர் வீடு. யாரும் அவரை இங்கேர்ந்து எழுப்பி விட வேண்டாம். எனக்குக் கொஞ்சம் இடம் இருந்தாப் போதும்."

தீக்குச்சியை வாங்கி விரலில் உருட்டினாள். பிறகு, "அம்மா கதவைச் சாத்துறப்போ கொஞ்சம் தூக்கிச் சாத்துவாங்க, பாத்திருக்கீங்களா? அது அப்பா பழக்கம். அப்போ பாட்டுல வர்ற பேய் வெளியிலேர்ந்து வரல, இல்ல? வீட்ல இருக்கறவங்க கையிலயே இருக்கு."

பாட்டு இப்போதுதான் எனக்கும் திறந்தது.

மார்ச் 11

வகுப்பில் பேசிவிட்டாள். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாராம். "லென்ஸ்ல கீறல் விழுந்துடும், சேலையில துடைக்க வேண்டாம்னு சொல்லு" என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

மார்ச் 14

மாலையில் நல்ல மழை. கடைக்குப் போன் வந்தது — அவளிடமிருந்து, முதல் முறையாக. "பஸ்ஸே காணோம். வர முடியுமா?"

போனேன். நிறுத்தத்தில் தோழி ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, "யாருடி?" என்று கேட்டது காதில் விழுந்தது. நான் ஹெல்மெட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"எங்க வீட்டு ஆளு," என்றபடி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.