வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கதவைத் திறந்து வைத்தால்தான் தூக்கம் வருகிறது, விடுதி அறையில் கூட இருக்கும் பெண் முணுமுணுக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவள் முணுமுணுத்துவிட்டுப் போகட்டும், நீ திறந்தே வை. நீ இங்கே வரும்போது பயப்படக் கூடாதென்று வீட்டிலிருந்த தாழ்ப்பாளையெல்லாம் கழற்றிவிட்டேன், குளியலறையில்கூட இல்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று உன் அம்மா பாடிக்கொண்டே குளிக்கிறாள். அந்தப் பாட்டுக்குப் பக்கத்து வீட்டு நாய்கூடக் கிட்டே வருவதில்லை.

அந்த டயர் கடைக்காரன் ஜாமீனில் வந்து வெள்ளைச் சட்டையில் திரிகிறான். உன்னை ஒன்பது நாள் கடையின் பின்னறையில் அடைத்து வைத்தவன், நான் பட்டறைக்குப் போகும் வழியில் எனக்கே வணக்கம் வைக்கிறான். கையில் உளி இருந்தது பாப்பா, எப்படி அடக்கிக்கொண்டேன் என்று தெரியவில்லை. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்கிறாள் உன் அம்மா. எனக்கு முழங்கால் வலி, அவ்வளவு நேரம் நிற்க முடியாது. அவன் உள்ளே கிடந்து கதவைத் தட்ட வேண்டும், யாரும் திறக்கக் கூடாது, அதை நான் உயிரோடு இருந்து கேட்க வேண்டும். நீயாக விரும்பித்தான் அங்கே தங்கினாய், அறைக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான் என்று அவன் வக்கீல் வாய் கூசாமல் சொல்கிறான். பழைய கதவை எறிந்துவிட்டுப் புதிது மாட்டி, நிலையின் வெளிப்பக்கம் இருந்த ஓட்டைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துச் சாயம் பூசியிருக்கிறான். போலீசோடு போனபோது நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், மூன்று ஓட்டை. தாழ்ப்பாள் நுழையும் வளையத்துக்கு எல்லாத் தச்சரும் இரண்டு திருகாணி போடுவார்கள். மூன்று போடுகிறவன் நான் ஒருத்தன்தான்.

ஆமாம் பாப்பா. போன வருஷம் அவன் என் பட்டறைக்கு வந்து, பின்னறைக்கு ஒரு கதவு செஞ்சு மாட்டணும், தாழ்ப்பாள வெளிய வைங்க, உள்ள சாமான்தான் இருக்கும், நல்லா கெட்டியா இருக்கணும் என்றான். சாமான் அறைக்கு வெளியேதானே வைப்பார்கள், நான் ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு மோதியும் கதவு அசையவில்லை என்று நீ வாக்குமூலம் கொடுத்தபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் வேலை கெட்டி என்று வாழ்நாள் முழுக்கப் பெருமையடித்தவன், அன்று என் கையை நானே வெட்டிப் போடலாம் போலிருந்தது. நீ அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவாயோ என்ற பயத்தில் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. உன் அம்மாவுக்கும் இன்னும் தெரியாது.

திங்கட்கிழமை கூண்டில் ஏறி, அந்தத் தாழ்ப்பாளை வைத்தவன் நான்தான் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். உங்களையும் கூட்டாளின்னு சொல்லிக் கிழிப்பாங்க, தயாரா இருங்க என்றார் நம் வக்கீலம்மா. கிழிக்கட்டும். பிறர் சொல்லி நீ கேட்கக் கூடாதென்று உனக்கு முதலில் எழுதுகிறேன். என் மேல் கோபம் வந்தால் நியாயம்தான். முதலில் அவனை உள்ளே தள்ளிவிடுகிறேன், அப்புறம் நீ என்னைக் கேள்.

மாத்திரையை மறக்காதே, அம்மா இரண்டு தடவை எழுதச் சொன்னாள். நீ நூறு வருஷம் பயமில்லாமல் தூங்க வேண்டும்.

இப்படிக்கு,
அந்தக் கதவைச் செய்த
உன் அப்பா