பச்சை நாற்காலிக்காரர்

அன்பு மகள் பிரினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், எங்களைவிட இந்த வருஷத்துக் கொசுக்கள் நன்றாக இருக்கின்றன. நீ அங்கே சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் காப்பி போடுகிறேன். ஹோபார்ட்டில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அப்பா, யூக்கான் பனியில் பிறந்த பெண்ணுக்கு அந்த ஊர்க் குளிரா தாங்கவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடல்பாசி பறிக்கத் தண்ணீருக்குள் இறங்குகிற நாளில் வயிறு நிறையத் தின்றுவிட்டு இறங்காதே, தனியாகவும் இறங்காதே, சொன்னால் கோபித்துக்கொள்வாய், ஆனாலும் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

கேரவனை விற்றாச்சா என்று போன தடவை போனில் கேட்டாய், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் நான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன், நிதானமாகப் படி. இந்தக் கோடையில் தன் காலுக்கு ஒத்துவருகிற இடம் ஒன்றாவது கிடைக்காவிட்டால் ஆகஸ்டு கடைசியில் வண்டியை விற்றுவிட வேண்டியது, அப்புறம் முகாம், ஏரி என்ற பேச்சே வீட்டில் எடுக்கக் கூடாது என்று பனி உருகுவதற்கு முன்பே அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பனி தள்ளும் வண்டியின் கத்தி முழங்காலில் விழுந்ததிலிருந்து இடது கால் மடங்குவதில்லை, நீட்டினது நீட்டினபடி என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, போன குளிர்காலம் முழுவதும் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் தன் கூட்டாளிகள் பனி தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாராவது கதவைத் தட்டினால் தூங்குகிறேன் என்று சொல் என்பார். கேரவன் போனால் போகட்டும், இரும்புதானே. அது போனால் இந்த மனிதர் ஜன்னலோரமே கதி என்று இருந்துவிடுவாரே என்பதுதான் என் பயம். அதனால் வெள்ளிக்கிழமை வந்தால் போதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு அவரைக் கிளப்பிவிடுவேன். நான்தான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நல்ல காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார்.

இடம் தேடுவது இத்தனை பெரிய வித்தை என்று எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. முன்பெல்லாம் மீன் எங்கே கடிக்கும் என்று மட்டும் பார்ப்போம், இப்போது தரை சாய்வா, சரளைக்கல்லில் கைத்தடி புதைகிறதா, கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, தண்ணீர்வரை வேர் இல்லாத பாதை இருக்கிறதா என்று நான் வேவுகாரி மாதிரி இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன், அவர் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லத் தயாராக இருப்பார். டார்லி ஏரி ஒரே சறுக்கல், வண்டிக்கு நான்கு பக்கமும் கட்டை வைத்தும் அன்றைக்கு ராத்திரி பூராவும் கட்டிலிலிருந்து உருண்டுகொண்டே இருந்தோம். ஸ்க்ரிம் ஓடையில் சமதரைதான், ஆனால் தெற்கிலிருந்து வருகிறவர்களின் கப்பல் கப்பலான வண்டிகள் வரிசையாக நின்று ஜெனரேட்டரை ஓட்டுகின்றன, காட்டுக்கு வந்தும் டிவி பார்க்கிற ஜனங்கள். அப்பா சந்தைக்கு நடுவில் படுக்க மாட்டேன் என்று திருப்பச் சொல்லிவிட்டார். இன்னோர் இடத்தில் பழப் புதர்களில் கரடி மேய்கிறது என்று வாசலையே கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். கடைசியில் எங்கே போய் நின்றோம் தெரியுமா, உன்னைத் தொட்டில் வயசிலிருந்து வருஷா வருஷம் கூட்டிக்கொண்டு போன அதே ஹாலெட் ஏரிக்கு. அங்கே தண்ணீரை ஒட்டின அந்த மூலை இடம் ஞாபகம் இருக்கிறதா, பலகை மாதிரி சமதரை, கரை வரைக்கும் மணல், நொண்டுகிறவர்கூடத் தடுக்காமல் நடந்து போய்த் தூண்டில் போடலாம். அது காலியாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. கிட்டே போனால் நடுவில் ஒரு பச்சை நாற்காலி.

வண்டி இல்லை, ஆள் இல்லை, நாற்காலி மட்டும். கம்பத்தில் திங்கள்வரைக்கும் பிடித்திருப்பதாகச் சீட்டும் செருகியிருந்தது, எட்டிப் பார்த்தேன், பெயரைக் காணோம். உனக்குத் தெரியாதா, இந்த ஊரில் ஒருவன் நாற்காலி போட்ட இடத்தில் இன்னொருவன் கால் வைக்க மாட்டான், வழியில் குப்பைமேட்டில் வேண்டுமானாலும் படுப்பான். அப்பா மேலே கைகாட்டினார். மேலே கழிப்பறைக்குப் பக்கத்தில் சாய்வான இடம்தான் மிச்சம், அங்கே நின்றோம். சனிக்கிழமை போயிற்று, ஞாயிறும் போயிற்று, நாற்காலிக்காரன் வரவே இல்லை. அடுத்த வாரம் போனால் மறுபடியும் அதே நாற்காலி, அதே மாதிரி ஆள் இல்லை. எனக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வண்டியிலிருந்த மேவிஸ் என்கிற ரிட்டயர்டு டீச்சர், யாரோ பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு இடத்தைப் பிடித்துவிட்டு வருவதற்குள் சமாதானமாகிப் போய்விடுகிறான் போல என்றாள். வாரா வாரமா சமாதானம் ஆவான் என்று கேட்டேன், என் முதல் புருஷன் ஆவான் என்றாள்.

அப்பாதான் நிஜமான துப்பறிகிறவர். இரண்டாவது வாரம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போய் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார், தொடவில்லை, பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது. சாதாரண முகாம் நாற்காலி மாதிரி பள்ளமாக இல்லாமல் உட்காரும் பலகை உயரத்தில் இருக்கிறது, ஊன்றி எழுந்திருக்க இரண்டு பக்கமும் தடிமனான கை இருக்கிறது, அதோடு இடது பக்கம் மட்டும் முன்னால் நீளமாக ஒரு சட்டம் அடித்துத் துணி சுற்றியிருக்கிறது என்றார். "அந்த ஆளுக்கும் மடங்காத கால்தான் வெர்னா, அதுவும் இடது கால்" என்றார். அந்தக் குரலை நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று. அன்றிலிருந்து வாரம் முழுக்க அந்த ஆளைப் பற்றித்தான் பேச்சு. மரம் வெட்டப் போய் அடிபட்டானா, சுரங்கத்திலா, தனியாக வருகிறவனா, வலி அதிகமாகிப் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறானா என்று. வெள்ளிக்கிழமை நான் கிளப்புவதற்கு முன்பே அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பார். மூன்றாவது வாரம் என்ன செய்தார் தெரியுமா, அந்தக் காலை வைத்துக்கொண்டு அவன் எப்படி விறகு பிளப்பான் என்று சொல்லி, முகாமில் குவித்திருந்த கட்டைகளை என்னை உருட்டி வரச் சொல்லி, மேசைப் பலகையில் உட்கார்ந்தபடியே கைக்கோடாலியால் சிறாய் சிறாயாகப் பிளந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் அழகாக அடுக்கிவிட்டு வந்தார். அடிபட்டதற்கு அப்புறம் அவர் கோடாலியைத் தொட்டது அன்றைக்குத்தான். நான் வண்டிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் விறகுமேல் தார்ப்பாய் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்து மூடியிருந்தது. அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "வந்திருக்கான்டி, வந்துட்டுப் போயிருக்கான், விறகு தனக்குப் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்" என்று மேவிஸ் வண்டிவரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வியாழக்கிழமை பல்வலி, டாக்டரிடம் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு நான் தனியாக ஹாலெட் ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போய், மரங்களுக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு ரொட்டியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் நெடுஞ்சாலைக்காரர்களின் மஞ்சள் வண்டி ஒன்று உள்ளே வந்தது. இறங்கினது யார் என்று நினைக்கிறாய், டெல்பர்ட். அப்பாவோடு ஒரே சாலையில் இத்தனை குளிர்காலம் பனி தள்ளினவன், உன் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு வருவானே அதே டெல்பர்ட். பின்னாலிருந்து பச்சை நாற்காலியைத் தூக்கி இறக்கினான்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் சிவந்ததே, திருடன்கூட அப்படி விழிக்க மாட்டான். மெல்ல மெல்ல வாயைப் பிடுங்கினேன். குளிர்காலத்தில் அவர்கள் எல்லாரும் ஆளாளுக்கு வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி, தூங்குகிறார் என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிப் போனவர்களாம். கோடையில் அண்ணன் ஹாலெட் ஏரிக்கு எப்படியும் வருவார், அந்த மூலை இடத்தை யாரும் பிடித்துவிடக் கூடாது என்று பட்டறையில் எல்லாருமாகச் சேர்ந்து அந்த நாற்காலியைச் செய்திருக்கிறார்கள். வியாழக்கிழமை ரோந்து போகும்போது போட்டுவிட்டு, திங்கள்கிழமை எடுத்துக்கொண்டு போவது. அட மடப்பயலே, ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கேட்டேன். "சொன்னா வேணாம்பாருக்கா. எடது பக்கம் சட்டம் வச்சிருக்கோமே, பாத்தா அவருக்கே புரியும்னு நெனச்சோம். வெறகு அடுக்கி வச்சிருந்தாரா, சரி, அண்ணன் ஏத்துக்கிட்டாருன்னு நனையாம மூடி வச்சோம்" என்றான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்காகப் போட்ட நாற்காலிக்கு மரியாதை கொடுத்து அவரே மேட்டில் சறுக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார், இவர்களோ அவர் நன்றி சொல்லிவிட்டார் என்று பூரித்துப்போய் மறுபடி மறுபடி கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். இந்த ஊர் ஆம்பிளைகளை என்ன செய்வது சொல். சொல்லிவிடாதே அக்கா, கோபித்துக்கொண்டு வராமலே இருந்துவிடுவார் என்று அவன் கெஞ்சினான். நானும் சரி என்றுதான் வந்தேன்.

வெள்ளிக்கிழமை போகிற வழியில் அப்பா மடியில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். அந்த ஆளுக்காகத் தானே புகைபோட்டு வைத்த ஏரி மீன். இந்த வாரம் நிச்சயம் வருவான், வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தார். காலுறையை எப்படி மாட்டுகிறான் என்று கேட்க வேண்டுமாம். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வருகிறது என்று கேட்க வேண்டுமாம். எலும்புக்குள் குளிர் இறங்கும்போது அவனுக்கும் கால் தன்னுடையது இல்லை என்று தோன்றுகிறதா, பெண்டாட்டி குனிந்து ஷூ கட்டிவிடும்போது அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரிகிறதா என்று கேட்க வேண்டுமாம். அவருடைய ஷூவைத் தினமும் கட்டிவிடுகிறவள் நான், பிரின். ஒருநாளும் இதில் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. எனக்கு ரோடு மங்கலாகிவிட்டது, ஓரமாக நிறுத்திவிட்டேன். இவரை இல்லாத ஒருத்தனுக்காக மீனும் கையுமாக உட்கார்த்திவைத்து வேடிக்கை பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது, டெல்பர்ட்டுக்குக் கொடுத்த வாக்கு போனால் போகிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம் "அப்ப அப்படி ஒரு ஆளே இல்லையா" என்று கேட்டார். அந்த நாற்காலி தனக்கு என்றதும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, வருகிறவன் வராமல் போய்விட்டான் என்றுதான் இருந்தது. கடைசியில், டெல்பர்ட்டுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா என்று முணுமுணுத்துவிட்டு, வண்டியை எடு, இருட்டப்போகிறது என்றார். இங்கே ஜூலையில் நடுராத்திரியிலும் எங்கே இருட்டுகிறது. எடுத்தேன். மேட்டுப் பாதை பிரிகிற இடம் வந்ததும் கீழே போ என்று கைகாட்டினார்.

நாற்காலி அவருக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது, அளவெடுக்காமலே. உட்கார்ந்து காலைச் சட்டத்தில் தூக்கி வைத்தவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மீனைப் பிரித்து, காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழக்கமாக இந்த நேரத்தில் நான் மீன் கடிக்கிறதா, கொசு அதிகமா என்று எதையாவது அளந்துகொண்டிருப்பேன். அன்றைக்கு, காலுறையை எப்படித்தான் மாட்டுகிறீர்கள் என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். எதிர்பார்க்கவில்லை போல. முதலில் ஏதோ ஒரு குச்சியில் மாட்டி என்று ஆரம்பித்தார், அப்புறம் நிறுத்தவே இல்லை. காப்பி ஆறி, மறுபடி போட்டு, அதுவும் ஆறிப்போயிற்று. சில இடத்தில் அழுதார், சில இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். வண்டியை விற்க விளம்பரம் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அவராகவே சொல்லிவிட்டார். டெல்பர்ட்டை அடுத்த வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார், திட்டுவதற்காக என்கிறார், ஆனால் மூஸ் மான் இறைச்சியை ஊறவைக்கச் சொல்கிறார்.

நீ நீண்ட ஆயுளோடும் சூடான கால்களோடும் நன்றாக இருக்க வேண்டும். பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்திருக்காமல் போட்டுக்கொள். ஒன்று மட்டும் மறக்காதே கண்ணு. இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, நாம் எல்லாரும் செய்கிற மாதிரி மீன் கிடைத்ததா, மழை பெய்ததா என்று ஆரம்பிக்காதே. கால் எப்படி வலிக்கிறது அப்பா என்று கேள். கேட்டுவிட்டு, அவராக நிறுத்துகிறவரைக்கும் குறுக்கே பேசாதே.

இப்படிக்கு,
உன் அம்மா வெர்னா