காய்ச்சல் விட்ட பிறகு

அக்கா,

முதலில் எனக்குத் தெரிந்தது அம்மாவின் கால்தான். அம்மா ஊடிழை ஓட்டும் நாடா கை தவறித் தறிக்குழிக்குள் விழுந்தது. எடுப்பதற்காகத் தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டேன். மிதிபலகை மேல் இருந்த அம்மாவின் பாதம் என் புறங்கையில் பட்டது. ஈரத்துணியைத் தொட்டது போலச் சில்லென்று இருந்தது.

நான்கு நாளாக அடித்த காய்ச்சல் அன்று காலையில்தான் விட்டிருந்தது. அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்து நிம்மதியாகி, பட்டு நூல் வாங்க நெசவாளர் சங்கத்துக்குப் போய்விட்டார். அம்மா இரண்டு வாய் ரசம் சோறு சாப்பிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது ரேடியோவில் பாட்டு முடிந்து உங்கள் குரல் வந்தது.

“வணக்கம். இது நம் ஊர் மக்களுக்கான ஓர் அறிவிப்பு.”

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. நிலையத்தில் அந்தப் பதிவை இன்னும் எடுக்கவில்லை. எடுக்க மனசு வரவில்லையா, இல்லை அது யார் குரல் என்றே இப்போது இருப்பவர்களுக்குத் தெரியாதா, எனக்குத் தெரியவில்லை. மழை தொடங்கியதும் மறுபடி போட ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் ‘வணக்கம்’ காதில் விழுந்தாலே ஓடிப் போய் ரேடியோவை அணைத்துவிடுவேன். “இன்னாடி, நல்லாதான பாடிக்கினு இருந்துச்சு” என்று அம்மா திட்டுவாள். அன்றைக்கு அணைக்க முடியவில்லை. கை குழிக்குள் இருந்தது.

அந்த டெங்கு அறிவிப்பை நீங்கள் எங்கள் வீட்டில் வைத்துத்தான் திருத்தி எழுதினீர்கள். ஸ்கூட்டரில் தெருத் தெருவாகப் போய் ஜனங்களிடம் படித்துக் காட்டுவீர்களே, அந்த வழக்கத்தில்தான் எங்கள் வீட்டுக்கும் வந்தீர்கள். தேங்காய் ஓடு, பழைய டயர், உடைந்த தொட்டி என்று நீங்கள் காகிதத்தைப் பார்த்துப் படிக்க, அம்மா நாடாவை நிறுத்தினாள்.

“இங்க யாரும்மா டயர் வெச்சிக்கினு இருக்காங்க? எங்க கொசு எல்லாம் என் காலுக்குக் கீழ குடும்பம் நடத்திக்கினு இருக்குது. குனிஞ்சி பாரு.”

நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். மழையில் ஊற்றெடுத்துக் குழியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. “அடேங்கப்பா, நீச்சல் குளமே கட்டி வெச்சிருக்கீங்க!” என்று சிரித்தீர்கள். தினமும் மொண்டு ஊற்றினாலும் காலையில் மறுபடி நிற்கும் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். உடனே அந்தச் சின்ன ரெக்கார்டரை என் பக்கம் நீட்டினீர்கள். “இத நீயே பேசுடி. உங்க தெரு உன் பேச்சத்தான் கேக்கும்.” நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். “கடிக்காதுடி, வா” என்றீர்கள். நான் வரவில்லை. தறிக்குழித் தண்ணீரைப் பற்றி நீங்களே பேசினீர்கள்.

அதற்குப் பிறகு அது பாட்டுக்கு நடுவில் தினமும் வந்தது. நம்ம தெரு ரேடியோவில் வருகிறது என்று எங்களுக்குப் பெருமை. சில பேர் வீட்டில் உங்கள் மாதிரியே இழுத்துப் பேசிக் காட்டுவார்கள். அவ்வளவுதான் அக்கா. நானும் உங்கள் குரலைக் கேட்டேன். நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை.

கடைசியாக நீங்கள் வந்த அன்று ஸ்கூட்டரை விட்டு இறங்கவே இல்லை. முகம் வெளுத்திருந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போவலையா?” என்று அம்மா கேட்டாள். “காய்ச்சல்தான் விட்டுடுச்சே. இன்னிக்கு நேரலை இருக்குதும்மா” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மூன்றாம் நாள் நீங்கள் இல்லை. நீங்கள் படித்தது உங்கள் காதிலேயே விழவில்லையா? இதைக் கேட்கும்போது உங்கள்மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்த அறிவிப்பின் கடைசி வரியைத் தரையில் படுத்தபடி நான் முழுதாகக் கேட்டேன். “காய்ச்சல் விட்ட பிறகுதான் அதிகக் கவனம் தேவை. கை கால் சில்லிட்டாலோ, வயிறு வலித்தாலோ, சோர்ந்து போனாலோ உடனே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள்.”

என் கை இன்னும் அந்தப் பாதத்தைப் பிடித்திருந்தது.

“அம்மா, கால் சில்லுனு இருக்குது.”

“குழியில ஈரம். சில்லுனு இல்லாம சூடாவா இருக்கும்?”

எழுந்து அவள் கையைப் பிடித்தேன். கையும் சில்லென்று இருந்தது. “வயிறு வலிக்குதா?” என்றேன். அம்மா ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு, “நாடாவ எடுத்துக் குடு” என்றாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அன்று ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த உங்கள் முகம் மாதிரியே வெளுத்திருந்தது.

எப்படி வாசலுக்கு ஓடினேன் என்று தெரியவில்லை. தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி, “ஆட்டோ! ஆட்டோ அண்ணா!” என்று கத்தினேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, “இந்தப் பொண்ணுக்கு வாய் இருக்குதுன்னு இன்னிக்குதான்பா தெரியுது” என்றார். அம்மாவைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. வழியெல்லாம் அம்மா, “காய்ச்சல் விட்டுடுச்சுப்பா, இதுக்குப் போய் மானத்த வாங்குறா” என்று முணுமுணுத்தாள். பிறகு முணுமுணுப்பதையும் நிறுத்தி என் தோளில் சாய்ந்துவிட்டாள். முணுமுணுத்துக்கொண்டே இருந்திருந்தால் தேவலாம் என்று இருந்தது.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே படுக்க வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தட்டணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கிறதாம். இன்னும் இரண்டு நாள் தாண்டணும் என்று டாக்டர் அம்மா சொன்னார்.

“காய்ச்சல் விட்டா எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க. நீ எப்டிமா இட்டுக்கினு வந்த?” என்று நர்ஸ் கேட்டார்.

“ரேடியோல சொன்னாங்க.”

“யாரு சொன்னாங்க?”

நான் அம்மாவின் போர்வையைக் கால் வரைக்கும் இழுத்துவிட்டேன்.

இதை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாட்டிலில் சொட்டு விழுகிறதா என்று வரிக்கு ஒருதரம் நிமிர்ந்து பார்க்கிறேன். அம்மா தூங்குகிறாள். மூச்சு வருகிறது. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது அக்கா. அப்பா வெளியே மருந்துச் சீட்டோடு நிற்கிறார்.

சற்று முன்னால் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓரிக்கை ஊரிலிருந்து வந்த பெண் எழுந்தாள். உங்கள் வயதுதான் இருக்கும். பாயைச் சுருட்டினாள், தட்டு, டம்ளர் எல்லாம் பைக்குள் போட்டாள். நர்ஸ் அந்தக் கோடியில் இருந்தார்.

“காய்ச்சல் விட்டுடுச்சுமா. கொழந்த தனியா இருக்குது, நான் கெளம்புறேன்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவள் பையைப் பிடித்துக்கொண்டேன். “போவாதீங்க அக்கா” என்றேன்.