ஒரே இழுப்பில் கழலும் கவசம்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் கம்பெனிக் கடிதம் வந்தது. "மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு" என்று தொடங்கி, கொள்முதல் மேலாளர் என்று நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அடேயப்பா, சொந்த அக்காவுக்கு என்ன மரியாதை! எங்கள் பைப் பட்டறையில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மேலே படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குண்டு துளைக்காத கவசத்தைக் கழற்ற நாங்கள் கண்டுபிடித்த இழுப்புக் கயிறு உங்கள் கவசக் கம்பெனியுடையது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அது என் யோசனையே இல்லையடா. பட்டறையில் காஜா எடுக்கும் எங்கள் காஜா அக்காவின் வீட்டுக்காரர் எல்லையில் குண்டடி பட்டபோது, காயத்துக்குக் கட்டுப் போடக் கவசத்தைக் கழற்றவே நாலு நிமிடம் ஆனதாம். அதற்குள் உயிர் போய்விட்டது. "ஒரே இழுப்புல கழலணும், அவ்ளோதான்" என்று பதினோரு மாதம் பைத் துணியை வெட்டி வெட்டித் தைத்தவர் அவர். அதைத் தூக்கிக் கொடுக்க நான் யார்? மாட்டேன்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

கோபப்படாதே. ஸ்கூல் பை தைக்கிற ஆறு பேர் பட்டறையை ராணுவம் ஏறெடுத்தும் பார்க்காது. எங்கள் மூலமாகப் போனால்தான் சிப்பாய் உடம்புக்குப் போய்ச் சேரும். யார் பெயரில் போனால் என்ன? நீ தராவிட்டாலும் எங்கள் இன்ஜினியர்கள் அதே மாதிரி செய்துவிடுவார்கள். வீம்பு வேண்டாம். என் வேலையையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

தம்பி

ஏப்ரல் 22

தம்பிக்கு,

நானும் காஜா அக்காவும் பஸ் பிடித்து ராணுவம் கவசங்களைச் சோதிக்கிற இடத்துக்கே போய்விட்டோம். "பை தைக்கிறவங்களுக்கு இங்க என்னம்மா வேலை?" என்றார் அதிகாரி. "சுமக்கிறவன் தோள் எங்களுக்குத்தான் சார் தெரியும்" என்றார் காஜா அக்கா.

பக்கத்து மேசையில் உங்கள் கவசம். அச்சு அசல் எங்களுடையதேதான். ஆனால் துணி மடிப்புக்குள் ஓட வேண்டிய கயிற்றை உலோக வளையத்தில் ஓட விட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேற்றில் புரட்டி இழுத்தார்கள். எங்களுடையது இரண்டு எண்ணுவதற்குள் கழன்று விழுந்தது. உங்களுடையது இறுகிக்கொண்டது.

முடிவை எழுதி அனுப்ப இரண்டு வாரமாகுமாம். அவசர ஆர்டர் என்று உங்கள் முதல் லோடு இருபத்தெட்டாம் தேதியே எல்லைக்குக் கிளம்புகிறதாம். சரக்கு சரியாக இருக்கிறது என்ற தரச் சீட்டில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். லோடை நிறுத்தடா. அப்புறம் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நிறுத்தாவிட்டால் என் வீட்டு வாசலை மிதிக்காதே.

அக்கா

ஏப்ரல் 28

அக்கா,

முதலாளியிடம் சொன்னேன். "உங்க அக்கா வயித்தெரிச்சலுக்கு நான் லோடை நிறுத்தணுமா?" என்றார். "சேத்துல புரட்டி நீங்களே இழுத்துப் பாருங்க சார்" என்றேன். பத்தே நிமிடத்தில் வேலையையும் கம்பெனி போனையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்தால் லாரி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. குறுக்கே போய் நின்றேன். டிரைவர் தலையை நீட்டி, "யார் சார் நீங்க?" என்று கத்தினார்.

"இந்த லோடுக்குக் கையெழுத்துப் போட்டவன். பார்க்காமப் போட்டுட்டேன். இது போனா ஆள் செத்துருவான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வண்டியை அணைத்து, சாவியை என் கையில் வைத்தார். அவரிடம்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அந்த அதிகாரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வா. காஜா அக்காவும் வரட்டும், நான் அவர் காலில் விழ வேண்டும்.

போலீசுக்குச் சொல்லிவிட்டார்களாம். சொல்லட்டும். முன் சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீ வரும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

உன் தம்பி