தேய்மானம் போக ஒரு கிடார்

மாப்ள,

சோப்பு போட்டுக் கழுவிக் கழுவிப் பார்த்துட்டேன். விரல்ல அந்தப் பழைய கம்பி வாடை போக மாட்டேங்குது. காலையிலேர்ந்து உன் கிடாரைத் தடவிக்கிட்டிருந்த கை. உட்கார்ந்தா இருப்புக் கொள்ளல, எழுந்தா செய்ய வேலை இல்ல. வாசலுக்கும் கொல்லைக்குமா நான் அலையறதைப் பார்த்துட்டு என் வீட்டம்மா, "ஒண்ணு ஒரு எடத்துல நில்லுங்க, இல்ல எங்கயாச்சும் போய்த் தொலைங்க"ன்னுட்டா. அதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய்ச் சேர்ந்து ஆறு மாசமாச்சு. பதில் வரலேன்னு கோவிச்சுக்க மாட்டேன்.

விஷயம் இதுதான். உன் கிடாரை வித்தாச்சு. விலை சொன்னது நான்.

"அண்ணே, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தையக்கடை போடப் போறேன். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒண்ணு வாங்கணும். அந்தக் கிடாரைப் பார்த்து ஒரு வெலை சொல்லுங்க"ன்னு உன் பொண்டாட்டி போன வாரம் கேட்டுச்சு. பெரம்பலூர்ல இத்தனை பேர் இருக்க, என்கிட்ட! நம்ம கச்சேரிக் குழுவில நீ கிடார், நான் வெறும் அறிவிப்பாளர். எனக்கு வாசிக்கத் தெரிஞ்ச ஒரே வாத்தியம் என் வாய்தான். ஆனா, நீ அதை வாங்கினப்போ கூட இருந்த சாட்சியும் நான் ஒருத்தன்தான்.

அரியலூர்ல அந்த ரிட்டயர்டு என்ஜினியர் வீடு. சாமானெல்லாம் மூட்டை கட்டி சொந்த ஊருக்குக் கிளம்பிக்கிட்டிருந்தார். ஜப்பான்ல செஞ்ச செவப்பு எலக்ட்ரிக் கிடார், ஏறக்குறைய நம்ம வயசு அதுக்கு. பார்த்ததும் நான் "ஆகா"ன்னு ஆரம்பிச்சேன். நீ என் காலை மிதிச்சே. அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கிட்டு, தலைப்பக்கத்திலேர்ந்து கழுத்து நெடுகப் பார்த்தே. வளைசல் இல்ல. ஒரு தகட்டைக் கழட்டி அடியில எட்டிப் பார்த்தே. அங்கேயும் அதே செவப்பு. அப்ப மறுபெயிண்டு அடிக்கல. இவ்வளவு நேரம் நீ பொண்ணு பார்க்கப் போன எடத்துலகூடப் பார்க்கலேன்னு உன் பொண்டாட்டியே பின்னாடி ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சுச்சு. கடைசியா கிடாரோட தலையை மரக்கதவுல அழுத்தி வெச்சுக்கிட்டு ஒரு கம்பியைச் சுண்டினே. கதவே பாடுச்சு. உள்ளேயிருந்து அந்த வீட்டம்மா, "யாரு?"ன்னு வந்துட்டாங்க.

அவங்க வந்ததும் நல்லதாப் போச்சு. கம்பிக்குக் கீழே சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் முழுக்க மஞ்சளா ஏதோ இறுகிக் கெடந்துச்சு. என்னன்னு கேட்டே. "ஆயுத பூசைக்கு ஆயுத பூசை சந்தனம் கொழைச்சு அப்பிருவேன் தம்பி. ஒரு வருசம் விட்டதில்ல"ன்னாங்க பெருமையா. ஜப்பான்காரன் மழை வெயில் எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சிருப்பான். சரஸ்வதி பூசையை யோசிச்சிருக்க மாட்டான்.

என்ஜினியர் கூசிப்போய், "அதுக்கு வேணா கொறைச்சுக்கங்க"ன்னார். நான் பாய்ஞ்சு சரின்னு சொல்றதுக்குள்ள நீ, "சந்தனத்துக்குக் கொறைக்க மாட்டேன் சார், சுரண்டினா வந்துரும். இந்த ஃப்ரெட்டு தேஞ்சிருக்கு பாருங்க, அதுக்குத்தான் கொறைப்பேன்"ன்னு கழுத்துக்குக் குறுக்கே பதிச்ச கம்பிகளைத் தொட்டுக் காட்டினே. பஸ்ல வரும்போது எனக்குப் பாடம் வேற: "தொடைச்சாப் போறது அழுக்கு. போகாதது தேய்மானம். காசு தேய்மானத்துக்குத்தான் மாப்ள."

அந்தப் பாடத்தை வெச்சுக்கிட்டு இன்னிக்குக் காலையில உன் வீட்டுல நானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். எதிர்ச் சுவத்துக் காலண்டர்தான் தெரிஞ்சுது. என்ன விலை சொல்றதுன்னு புரியல. கடைசியில, ஓவர்லாக் மெஷின் என்ன விலையோ அதுக்கு மேலே பேரத்துக்குன்னு கொஞ்சம் சேர்த்துச் சொல்லிட்டேன். உலகத்திலேயே தையல் மெஷினைப் பார்த்து விலை வெச்ச கிடார் அது ஒண்ணுதான்.

வாங்க வந்தது திருச்சி தம்பி ஒருத்தன், கல்யாணக் கச்சேரிகள்ல வாசிக்கிறவன். கெட்டிக்காரன். உன்னை மாதிரியே தடவித் தடவிப் பார்த்தான்.

"அண்ணே, அஞ்சாவது ஃப்ரெட்டு சுத்தமாப் போயிருச்சு."

போகாதா? எல்லாக் கச்சேரியிலயும் நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ அங்கேதானே நோண்டிக்கிட்டு நிப்பே. நான் எப்ப சுருக்கமாப் பேசியிருக்கேன்?

"இங்க பெயிண்டு போயிருக்கு." உன் முழங்கை படற எடம். "வார் மாட்டறதுக்குப் புதுசா ஓட்டை போட்டிருக்காங்க." தா.பழூர் மேடையில வார் அவுந்து கிடார் நழுவினதுக்கு மறுநாள் நீ போட்டது. "இந்தத் திருகு ஒரிஜினல் இல்ல, ரேடியோவுது." அதுவும் நீதான். ஒவ்வொண்ணுக்கும் அவன் கொறைக்கக் கொறைக்க எனக்கு உள்ளே எரியுது. உன் பாடப்படி அவன் சொல்றது எல்லாம் சரி. அந்தக் கிடார்ல நீ இருந்த எடத்தை எல்லாம் பார்த்துப் பார்த்துக் கழிக்கிறான். தொகை மெஷின் விலைக்கும் கீழே இறங்கிருச்சு.

"குடுக்கிறதா இல்ல தம்பி, கிளம்புங்க"ன்னுட்டேன்.

உள்ளேயிருந்து உன் பொண்டாட்டி வந்துச்சு. "என்னண்ணே நீங்க? தேஞ்சது தேஞ்சதுதானே. ராத்திரி பகலா அவரு தேச்ச சத்தம் என் காதுக்குல்ல தெரியும்? தம்பி, நீங்க சொன்ன வெலைக்கே எடுத்துக்கங்க."

முடிஞ்சுது. தம்பி தோள்ல மாட்டிக்கிட்டுப் போயிட்டான். அவன் தெருமுனை திரும்பற வரைக்கும் உன் பொண்டாட்டி வாசல்லயே நின்னுச்சு. அப்புறம் முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "அண்ணே, அந்த ஆம்ப்ளிபயர் பொட்டி ஒண்ணு கெடக்கு. அதுக்கு என்ன சொல்லலாம்?"னு கேட்டுச்சு.

"நானே எடுத்துக்கறேன்"னு வாய் சொல்லிருச்சு. மெஷினுக்கு என்ன கொறைஞ்சுதோ, அந்தத் தொகையைப் பைசா பாக்கியில்லாம கேட்டுச்சு. அதுல ஒரு தேய்மானமும் கழிக்க எனக்குத் துணிச்சல் வரல.

கிடார் இல்லாத ஆம்ப்ளிபயர் எதுக்குன்னு என் வீட்டம்மா ரெண்டு மணி நேரமாக் கேட்டுக்கிட்டிருக்கா. ஸ்விட்சைப் போட்டு விட்டிருக்கேன். "ம்ம்ம்"னு ஒரே இரைச்சல். நீ சுருதி சேர்த்துட்டு, நான் எப்படா பேச்சை நிறுத்துவேன்னு மேடையில காத்துக்கிட்டிருப்பியே, அப்ப வரும்ல, அதே இரைச்சல். கரண்டு பில்லு ஏறுது. அணைக்க மனசு வரல. நானும் பேச்சை நிறுத்திட்டேன் மாப்ள.